எனக்கு என்றால் யாருக்கு

அக்காவுக்கு வராத நோய் கிடையாது. காலையில் வேலைக்குப் போனதும் பல் வலி. டீ குடிப்பதற்குள் மூலம். அது முடிந்த கையோடு பிரசவ வலி எடுத்து, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பெண் குழந்தையும் பிறந்துவிடும். சாப்பிட்டுவிட்டு வந்தால் முழங்கால் தேய்மானம், அதற்கப்புறம் கண்ணில் பூ. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஆள் கல்லு மாதிரி இருப்பார். "ஊர்ல இருக்கற அத்தனை வியாதியும் பார்த்தவ என் பொண்டாட்டி. ஆனா உடம்பு சரியில்லன்னு ஒரு நாள் லீவு போட்டதில்ல" என்பார் தபால் வண்டி ஓட்டும் அவர் வீட்டுக்காரர்.

விஷயம் இதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசும் மொழி வேறு, எங்களைப் போன்றவர்கள் வீட்டில் பேசும் மொழி வேறு. நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்கிற மொழிபெயர்ப்பாளர் வேலை அக்காவுக்கு. நோயாளி "எனக்கு வலிக்குது" என்றால், அக்காவும் அந்த மொழியில் "எனக்கு வலிக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். "அவருக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரி வைத்திருக்கும் சட்டம் அது.

இது தெரியாமல் முதல் நாளே நான் அவரிடம் எரிந்து விழுந்தேன். நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். வருஷக்கணக்காக டீசல் புகையைக் குடித்ததில் மூச்சு வாங்க ஆரம்பித்து, நெஞ்சுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். டிப்போவில் முக்கால்வாசிப் பேர் நம் ஆட்கள் என்பதால் அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்: இறுக்கு, தளர்த்து, குழாய் அடைப்பு, வண்டி ஓடுமா, நாளைக்கு வா, அப்புறம் வீட்டில் சொல்ல முடியாத சில. ஆனால் "எனக்கு" என்பது மட்டும் நன்றாகத் தெரியும். சம்பளம் வாங்குகிற இடத்தில் அதைத் தெரிந்துகொள்ளாமல் முடியுமா?

நான் என் கதையைச் சொன்னேன். அக்கா டாக்டரிடம் "எனக்கு... எனக்கு..." என்று ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அம்மா, உங்க கஷ்டத்த அப்புறம் சொல்லிக்கலாம். அஞ்சு மாசம் காத்திருந்து வந்திருக்கேன். முதல்ல என்னோடதச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, டாக்டரிடம் ஏதோ ஒரு வரி சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, நான் சொன்னது உங்களோடதுதான்."

வெளியே வந்ததும் நடையில் நிற்க வைத்து விளக்கினார். "'அவருக்கு வலிக்குதாம்'னு நான் சொன்னேன்னு வைங்க. டாக்டர் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சிடுவாங்க. உங்கள மறந்துடுவாங்க, நீங்க ஏதோ நான் கூட்டிட்டு வந்த பொருள் மாதிரி ஆயிடுவீங்க. 'எனக்கு வலிக்குது'ன்னு சொன்னா உங்களப் பார்ப்பாங்க. அதுக்காகத்தான் நாங்க எப்பவும் நோயாளிக்குப் பின்னால நிக்கறது. கண்ணு உங்க மேல, காது மட்டும் என் மேல."

"அப்போ நீங்க பேசறது எதுவும் நீங்க பேசறது இல்லையா?"

"இந்தச் சாம்பல் கோட்டப் போட்டுட்டா இல்ல. எழுத்துல ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுடலாம். வாய்க்கு எங்க போடறது? அதனால என்னையே நடுவுல நிக்க வெச்சுட்டாங்க."

அவருக்கே ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. வலது கையில் குறிப்பெழுதும் அட்டை இருக்கும். எனவே இடது கையைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டு, "மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார், இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று தன்னைத்தானே மூன்றாம் மனிதராக்கிச் சொல்ல வேண்டும். ஆக, அக்கா "நான்" என்றால் அது வேறு யாரோ. "மொழிபெயர்ப்பாளர்" என்றால்தான் அக்கா. கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ரிவர்ஸ் கியரில் முன்னால் போகும் வண்டியை நான் பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு அவர் சும்மா வந்துவிடவில்லை. அதற்கு முன் துணிக் கம்பெனியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று துணைக்குப் போனபோது, அந்தப் பெண்ணின் புருஷன்தான் டாக்டருக்கு மொழி சொன்னான். அவள் அழுதுகொண்டே நெடுநேரம் பேசினாள். அவன் திரும்பி ஒரே வரியில், "இவளுக்கு வயிற்று வலியாம்" என்றான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"அவ பேசினது பூரா எங்க போச்சு தம்பி?" என்று என்னிடம் கேட்டபோதும் அக்காவுக்கு அந்தக் கோபம் ஆறியிருக்கவில்லை. அன்றிலிருந்து இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உடம்பின் பாகங்களை எழுதி ஒட்டிவைத்துப் படித்தார். பரீட்சையில் முதல் தடவை தோற்றார், இரண்டாம் தடவையும் தோற்றார். உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று வீட்டுக்காரர் கேட்டாராம். அக்கா நேரே போய் மூன்றாம் தடவைக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பிடிவாதம் இன்னும் முற்றிவிட்டது. ஒரு கிழட்டுக் காவல்காரர், ஊசி குத்தத் தெரியாத ஒரு பயிற்சி டாக்டரைப் பார்த்து, "உன்னை மாதிரி அரைவேக்காட்டுக்கெல்லாம் உடம்ப காட்டவா வந்தேன்" என்று திட்டினார். அக்கா அதைக் கொஞ்சமும் சூடு குறையாமல் அந்த மொழியில் இறக்கினார். பயிற்சி டாக்டர் நேராக மேலதிகாரியிடம் போய், மொழிபெயர்ப்பாளர் என்னை அவமானப்படுத்திவிட்டார் என்று புகார் கொடுத்துவிட்டார். விசாரணையில் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "வார்த்தை அவரோடது. வாய் மட்டும்தான் என்னோடது. ஆத்திக் குடுக்கறதுக்கு எனக்குச் சம்பளம் தரல."

இன்னொரு சம்பவம் இதைவிடக் கஷ்டமானது. ஒரு பையன் தன் அப்பாவுக்கு வந்திருக்கும் நோயை அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "நான் எதுவும் சொல்லப் போறதில்லப்பா. டாக்டர் சொல்றதுதான் வெளிய வரும்" என்றார் அக்கா. அப்பா கேட்டார், டாக்டர் சொன்னார், அக்கா சொன்னார். பெரியவர் டாக்டரை ஒன்றும் சொல்லவில்லை. அக்காவை நிமிர்ந்து பார்த்து, "இப்படிச் சொல்ல உனக்கு எப்படிம்மா வாய் வந்தது" என்று கேட்டார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் கடைத்தெருவில் அக்காவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடும்.

"மேற்கோள் குறியெல்லாம் பேப்பர்லதான் தம்பி நிக்கும். காதுக்குள்ள போனதும் கரைஞ்சுடுது" என்றார் ஒரு தடவை. அதற்காக அவர் வேலையை விடவுமில்லை, ஒரு சொல்லைத் தணிக்கவுமில்லை.

எங்கள் டிப்போ பையன்கள் அவருக்கு வாய்க்காரி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கோட்டைக் கழற்றிவிட்டால் அவரைப்போல வாயில்லாப் பூச்சி கிடையாது. உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டால் "இருக்கு" என்பார். பசிக்குதா, தூக்கம் வருதா, எல்லாவற்றுக்கும் ஒரு தலையாட்டல். "எனக்குங்கற வார்த்தைய பூரா ஆஸ்பத்திரியிலயே செலவு பண்ணிட்டு வந்துடறா. வீட்டுக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கறதில்ல" என்று மாமா சொல்வார். அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவது. அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

நெஞ்சுப் பிரிவில் எனக்கு வழக்கமான பரிசோதனை. டாக்டர் சுருட்டை முடி வைத்த இளம் பெண், நல்ல மாதிரி. மேஜைமேல் பிளாஸ்டிக் நுரையீரல் பொம்மை, சுவரோரம் காகிதம் விரித்த கட்டில், டாக்டருக்கு எதிரே முக்காலியில் நான், என் முதுகுக்குப் பின்னால் அக்கா. அவர் முகம் எனக்குத் தெரியாது. டாக்டர் என்னைத்தான் பார்த்தாக வேண்டும் என்பதால் அவருக்கும் தெரியாது. டாக்டர் மொழியில் பேசியதையெல்லாம் இங்கே எழுத்துத் தமிழில் போடுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

"முன்னைக்கு இப்ப பரவால்ல. படியேறினாதான் இழுக்குது" என்றேன்.

அக்கா சொன்னார். டாக்டர் தட்டச்சு செய்தார். கொஞ்சம் இடைவெளி. பிறகு என் பின்னாலிருந்து, வழக்கத்தைவிட மெதுவாக, அந்த மொழியில் குரல் வந்தது.

"எனக்கு நெஞ்சு பாரமாக இருக்கிறது. இடது கை கனக்கிறது. தாடை வரைக்கும் இழுக்கிறது."

இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு நெஞ்சு, கை, மூச்சு மாதிரிச் சொற்கள் எனக்குப் பழகியிருந்தன. நான் கையைப் பற்றி வாயே திறக்கவில்லையே என்று யோசித்தேன். ஒரு சொல் கூட்டாத மனுஷி இன்றைக்கு ஏன் கைச்சரக்குச் சேர்க்கிறார்?

டாக்டரின் விரல் நின்றுவிட்டது. முகம் மாறி, என்னை உற்றுப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாக?"

பின்னாலிருந்து நம் மொழியில் வந்தது: "எவ்வளவு நேரமா?"

"என்ன எவ்வளவு நேரமா?" என்றேன் நான்.

அதற்குள் டாக்டர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கட்டிலில் படுக்கச் சொல்லிக் கை காட்டினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எதுக்குப் படுக்கச் சொல்றாங்க?"

அந்த மனுஷியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அவர் அதையும் மொழிபெயர்த்தார். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று, அதே குரலில், அதே "எனக்கு" போட்டுச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தார். பயந்துபோன ஆம்பிளைகள் இப்படித்தான் மறைப்பார்கள் என்று அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். அவர் மேல் தப்பு இல்லை. அந்த இடத்திலிருந்து வரும் குரல் என்னுடையது என்று நம்பத்தான் அவரைப் பழக்கியிருந்தார்கள்.

நான் திரும்பினேன்.

அக்காவின் முகம் கோட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. நெற்றி பூரா வேர்வை. இடது கையைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இடுப்பு வரைக்கும் வந்து கீழே விழுந்தது. மறுபடியும் தூக்கினார், மறுபடியும் விழுந்தது. அந்தக் கையை யாருடையதோ என்பதுபோல் பார்த்தார். அந்தக் கை மேலே போனால்தான் அவர் பேசுவது அவருடையதாகும். அது போகாது. டாக்டரோ என் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"டாக்டர், எனக்கில்ல, அக்காவுக்கு" என்றேன். பதற்றத்தில் நம் மொழியில் சொல்லிவிட்டேன். நான் என்ன சொன்னேன் என்று கேட்பதற்காக டாக்டர் பின்னால் காது கொடுத்துக் காத்திருந்தார். அங்கிருந்து குரல் வரவில்லை.

டாக்டரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் போட்டுக் குலுக்கி எடுத்தேன். அந்த மொழியில் நான் எனக்காகக்கூட அதுவரை ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை.

"நான் இல்லை. நெஞ்சு, என் நெஞ்சு இல்லை. 'எனக்கு' சொன்னது, இவர். இவருக்கு."

டாக்டர் முதல் முறையாக என் தோளைத் தாண்டிப் பார்த்தார். அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினார். ஆட்கள் ஓடி வந்தார்கள். எனக்கு விரித்த காகிதத்தின்மேல் அக்காவைப் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள்.

அங்கேதான் அடுத்த சிக்கல். டாக்டர் கேட்கக் கேட்க அக்கா நம் மொழியிலேயே பதில் சொன்னார். படித்து வாங்கிய மொழி, வலி வந்ததும் அவரை விட்டுப் போய்விட்டது. இன்னொரு மொழிபெயர்ப்பாளர் எதிர்க் கட்டிடத்தில் இருந்தார், வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். டாக்டருக்குக் காத்திருக்க நேரமில்லை. என்னைப் பார்த்தார். சின்னச் சின்னச் சொற்களாக, கையால் காட்டிக் காட்டிக் கேட்க ஆரம்பித்தார்.

"கேளுங்கள், வலி எப்படி இருக்கிறது?"

அக்கா சொன்னார். நான் திரும்பி, "இவருக்கு ரொம்ப வலிக்கிறதாம்" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தே அடுத்ததைக் கேட்டார். "இவருக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?"

என் சட்டையை ஒரு கை பிடித்து இழுத்தது. அக்காவின் வலது கை.

"தம்பி. 'எனக்கு'ன்னு சொல்லுங்க."

"அக்கா, இப்ப போய் சட்டமா?"

"'எனக்கு'ன்னு சொல்லுங்க. நான் இங்க இருக்கேன்."

அந்த நிலைமையிலும் அவர் குரலில் இருந்தது கெஞ்சல் இல்லை, கண்டிப்பு. நான் டாக்டர் பக்கம் திரும்பி, "எனக்கு ரொம்ப வலிக்கிறது" என்றேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். டாக்டரின் கண் என்னை விட்டு நகர்ந்து அக்காவின் முகத்துக்குப் போய், அங்கேயே நின்றது. அதன் பிறகு கேட்டதையெல்லாம் அவர் அக்காவைப் பார்த்தே கேட்டார். நான் தள்ளி, கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டேன்.

கடைசியாக டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது, ஏனென்றால் அது குழாய் விஷயம். ரத்தம் போகிற குழாய் அடைத்திருக்கிறது. மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு அதைத் திறக்க வேண்டும். உடனே செய்ய வேண்டும். திறக்கும்போது உயிருக்கு ஆபத்து வரவும் கூடும். சம்மதமா?

அந்தக் கடைசி வரியை விழுங்கிவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. படுத்துக் கிடப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது? அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்கு எத்தனை கெட்ட செய்தியைத் தணிக்காமல் சொன்னவர். அவருடைய பங்கை நான் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

"குழாய் அடைச்சிருக்கு. கைவழியா கம்பி விட்டுத் திறக்கணும். அதுல உயிருக்கு ஆபத்து வந்தாலும் வரலாம். உங்களுக்குச் சம்மதமா?"

அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

"செய்யச் சொல்லுங்க. நான் சாகக் கூடாது தம்பி. எனக்கு இன்னும் இருக்கணும்."

இத்தனை வருஷத்தில் அவர் தனக்காக நம் மொழியில் சொல்லி நான் கேட்ட முதல் "எனக்கு" அது. இருக்கணும் என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. வண்டிக்குச் சொல்கிற சொல்தான் தெரியும். அதையே போட்டேன்.

"செய்யுங்கள். நான் நிற்கக் கூடாது. நான் இன்னும் ஓட வேண்டும்."

வார்த்தை அவருடையது, வாய் மட்டும்தான் என்னுடையது என்று இருக்க என்னால் முடியவில்லை. அதை நானும் நினைத்துத்தான் சொன்னேன். டாக்டர் அக்காவின் கையைப் பிடித்து, "ஓடுவீர்கள்" என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கம்பி விட்டுக் குழாயைத் திறந்தார்கள். அக்கா பிழைத்தார். வீட்டில் படுத்திருந்த நாட்களில் மாமா, இனிமேல் அந்த வேலை வேண்டாம் என்று நான் இருக்கும்போதே சொன்னார். "எனக்குப் போகணும்" என்றார் அக்கா. அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்ததே மாமாவுக்குப் போதுமாக இருந்தது. வேலைக்குத் திரும்பும்போது ஆஸ்பத்திரியிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: இனி நோயாளிக்குப் பின்னால் நிற்க மாட்டேன், பக்கத்தில்தான் நிற்பேன். ஒத்துக்கொண்டார்கள்.

என் அடுத்த பரிசோதனைக்கு அவரே வந்தார். அதே அறை, அதே சுருட்டை முடி டாக்டர், அதே பிளாஸ்டிக் நுரையீரல். அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்: மொழிபெயர்ப்பாளர் நலமாக இருக்கிறார். இனி பேசுவது இவர்."

பிறகு என்னைப் பார்த்து, சொல்லுங்க தம்பி என்றார்.

"எனக்கு மூச்சு வாங்குதுக்கா."

"எனக்கு மூச்சு வாங்குகிறது" என்றார் அக்கா.

டாக்டர் உடனே என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் நெற்றியைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மோவாயால் என்னைக் காட்டினார்.

"இது இவருடையது" என்றார்.

அதற்கப்புறம்தான் டாக்டர் என் பக்கம் திரும்பினார்.